டர்போ வாங்கப் போகும் தம்பிக்கு

அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி, பூந்தமல்லி என்று நம் பக்கத்துப் பட்டறைகளில் கார் ரேஸ் ஆசையோடு சுற்றும் பிள்ளைகள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். பகலில் சிஎன்சி மிஷினில் வேலை, ராத்திரியில் காருக்கடியில் படுக்கை. அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “சார், எந்த டர்போ போட்டா சீக்கிரம் தூக்கும்?” ஒரு பார்ட் நம்பரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்த நம்பருக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை பல இருக்கின்றன. சின்ன டிராக்கில் ஓட்டப் போகிறவர்களுக்காக அவற்றை வரிசையாகச் சொல்கிறேன். தம்பி என்று எழுதினாலும் தங்கைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

1. கடைக்குப் போவதற்கு முன் ரூல் புத்தகத்தைப் படி.

நம் நாட்டுக் கார் பந்தயங்களுக்கு விதி வகுப்பது எஃப்எம்எஸ்சிஐ. ஒவ்வொரு வகுப்புக்கும் என்ன எஞ்சின், எத்தனை சிசி, எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று அந்த ஆண்டின் விதிகளில் இருக்கும். நம் தேசியச் சாம்பியன்ஷிப் டூரிங் கார்கள் காலம் காலமாக டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில்தான் ஓடி வந்திருக்கின்றன. டர்போ வந்தது பெரும்பாலும் ஒரே மாடல் கார்கள் ஓடும் தொடர்களில்: 2010-இல் ஃபோக்ஸ்வாகன் போலோ கப் டீசல் எஞ்சினோடு தொடங்கியது, பிறகு டிஎஸ்ஐ பெட்ரோலுக்கு மாறியது. இப்போதைய இந்திய எஃப்4 காரிலும் டர்போ உண்டு. ஆனால் அங்கெல்லாம் எல்லாருக்கும் ஒரே டர்போ. தேர்வு உன் கையில் இல்லை.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். டர்போ எஞ்சினின் சிசியை உலக அமைப்பான எஃப்ஐஏ தன் விதிகளில் ஓர் எண்ணால் பெருக்குகிறது. பெட்ரோலுக்கு 1.7, டீசலுக்கு 1.5. உன் காரில் இருப்பது 998 சிசி டர்போ என்றால் பந்தயக் கணக்கில் அது 1697 சிசி. 1600 சிசி வகுப்பில் நுழையலாம் என்று நினைத்திருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். டர்போவை நீயே தேர்ந்தெடுத்துப் பொருத்தி ஓட்ட இடம் தருபவை டைம் அட்டாக், ஆட்டோகிராஸ், மன்றங்கள் நடத்தும் திறந்த வகுப்புகள். அங்கேயும் அந்தந்த நிகழ்ச்சியின் விதியைக் கையில் வாங்கிப் படித்துவிட்டுப் பணத்தை எடு.

2. அந்தக் காரை ரோட்டில் ஓட்டாதே.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. டர்போ மாற்றிய கார் டிரெய்லரில் ஏறி டிராக்குக்குப் போக வேண்டும், டிரெய்லரிலேயே திரும்பி வர வேண்டும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ராத்திரி பதினொரு மணிக்கு பூஸ்ட் சோதித்துப் பார்ப்பவனை என் பட்டறைக்குள் விடமாட்டேன். அங்கே ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

3. எந்த டர்போ என்பதை மெதுவான வளைவிடம் கேள்.

இந்த அறிவுரைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வாய் என்றால் இதை எடுத்துக்கொள். எஞ்சினை வைத்து டர்போ தேடாதே. டிராக்கின் மிக மெதுவான வளைவை வைத்துத் தேடு.

நமக்குப் பக்கத்தில் இருப்பது இருங்காட்டுக்கோட்டை. பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ரோட்டில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால். சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் ரேஸ் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-இல் அங்கே சொந்த டிராக்குக்கு வந்தது. முழுச் சுற்று 3.7 கிலோமீட்டர். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான். ஒரே காருக்கு இந்த இரண்டு டிராக்கும் இரண்டு விதமான டர்போவைக் கேட்கலாம்.

முதலில் காரை எதுவும் மாற்றாமல் டிராக்கில் ஓட்டு. ஓபிடி போர்ட்டில் ஒரு லாகரைச் செருகி, ஒவ்வொரு வளைவிலும் வேகம், கியர், ஆர்பிஎம் மூன்றையும் பதிவு செய். லாகர் இல்லை என்றாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 185/60 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.89 மீட்டர் நகரும். 50 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 440 தடவை சுற்றும். இரண்டாம் கியரில் மொத்த ரேஷியோ 7.6 என்றால் எஞ்சின் ஏறக்குறைய 3300-இல் இருக்கும். மூன்றாம் கியரில் 5.1 என்றால் 2250. இரண்டாம் கியருக்கு இறங்க உன் கை தயாராக இருந்தால் 3300-க்கு ஏற்ற டர்போ போதும். மூன்றிலேயே வளைவை முடிக்கிறவன் என்றால் 2250-இல் உயிரோடு இருக்கும் டர்போ வேண்டும். இந்த இரண்டு எண்ணும் கேட்பது முற்றிலும் வேறு வேறு டர்போக்கள்.

அடுத்து, அந்த வளைவை விட்டு வெளியே வந்ததிலிருந்து அடுத்த பிரேக் வரை எத்தனை வினாடி முழுசாக மிதிக்கிறாய் என்று பார். இரண்டு காரை எடுத்துக்கொள்வோம். முதல் காரில் சின்ன டர்போ, மிதித்தவுடன் பூஸ்ட். இரண்டாவதில் பெரிய டர்போ, ஒரு வினாடி தாமதம், ஆனால் பூஸ்ட் வந்த பிறகு இழுவை 10 சதவீதம் கூடுதல். பூஸ்டில் காரின் முடுக்கம் வினாடிக்கு வினாடி 4 மீட்டர், பூஸ்ட் இல்லாமல் 2 என்று தோராயமாக வைத்துக்கொள். முதல் வினாடியிலேயே பெரிய டர்போ கார் 1 மீட்டர் தூரமும் வினாடிக்கு 2 மீட்டர் வேகமும் பின்தங்கிவிடும். 6 வினாடி நேர்பாதையில் அந்தக் குறை 11 மீட்டராக வளரும். கூடுதல் இழுவை மீட்டுக் கொடுப்பது 5 மீட்டர். மீதி 6 மீட்டர், அதாவது ஒன்றரைக் கார் நீளம், போனது போனதுதான். இதே கணக்கை நீட்டிக்கொண்டே போனால் ஏறக்குறைய 12 வினாடி நேர்பாதையில்தான் பெரிய டர்போ சமன் செய்கிறது. உன் டிராக்கில் அப்படி 12 வினாடி விடாமல் மிதிக்கும் இடம் எத்தனை என்று ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணிப் பார். சின்ன டிராக்கில் மெதுவான வளைவு ஒவ்வொன்றும் அந்த 6 மீட்டரைத் திரும்பத் திரும்பக் கேட்கும். டைனோ சீட்டில் வரும் உச்சக் குதிரைத்திறனை நண்பர்களிடம் காட்டலாம், லேப் டைம் அதற்கெல்லாம் மயங்காது.

4. பூஸ்ட் வராத ஆர்பிஎம் வேறு, பூஸ்ட் வரத் தாமதம் வேறு.

இரண்டையும் சேர்த்து லேக் என்கிறார்கள். அதனால்தான் தப்பான பொருளை வாங்குகிறார்கள்.

பழைய ஸ்விஃப்ட் டீசலை ஓட்டியவர்களுக்குத் தெரியும். அந்த 1.3 எஞ்சின் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே சோம்பிக் கிடக்கும், தாண்டியதும் பாயும். 1500-இல் எவ்வளவு நேரம் மிதித்துக்கொண்டு காத்திருந்தாலும் முழு பூஸ்ட் வராது, ஏனென்றால் அந்த அளவு புகை ஓட்டம் டர்பைனைச் சுற்றப் போதாது. இது வாசல். வாசலைத் தாண்டிய ஆர்பிஎம்மில் இருந்துகொண்டு மிதித்தாலும் பூஸ்ட் ஏற அரை வினாடியோ ஒரு வினாடியோ ஆகிறதே, அது தாமதம்.

வாசலை முடிவு செய்வது டர்பைன் ஹவுசிங்கின் அளவு. தாமதத்தை முடிவு செய்வது முக்கியமாக டர்போவுக்குள் சுழலும் சக்கரங்களின் சடத்துவம். 1977-இல் ரெனோ முதல் டர்போ ஃபார்முலா 1 காரை சில்வர்ஸ்டோனில் இறக்கியபோது இந்தத் தாமதம்தான் ஓட்டுநரைப் படாத பாடு படுத்தியது. 1979-இல் ஒரு பெரிய டர்போவை எடுத்துவிட்டு இரண்டு சின்ன டர்போ போட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் டிஷோனில் முதல் வெற்றி வந்தது.

சின்னதுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? சக்கரத்தின் எடை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. சடத்துவத்தில் விட்டத்தின் இருமடியும் சேர்ந்துகொள்கிறது. ஆக மொத்தம் ஐந்தாம் அடுக்கு. 40 மில்லிமீட்டர் சக்கரத்துக்குப் பதில் அதே உருவத்தில் 44 மில்லிமீட்டர் போட்டால் விட்டம் 10 சதவீதம்தான் கூடும், சுழற்ற வேண்டிய பளு 61 சதவீதம் கூடிவிடும். சின்னக் கார் டர்போக்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல் போகின்றன. அங்கே போய்ச் சேர எடுக்கும் நேரம்தான் நீ வளைவின் வாயில் காத்திருக்கும் நேரம். “நாலு மில்லிமீட்டர்தானே” என்று கடைக்காரர் சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்.

5. காற்றைக் கணக்குப் போடு.

பேப்பரும் போன் கால்குலேட்டரும் போதும். 1.2 லிட்டர் எஞ்சின், உச்சம் 6500 ஆர்பிஎம். நாலு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்று உள்ளே போகும். 1.2-ஐ இரண்டால் வகுத்து 6500-ஆல் பெருக்கு, 3900 லிட்டர் வரும். சிலிண்டர் முழுசாக நிரம்பாது, 90 சதவீதம் என்று வை, 3500 லிட்டர். அதாவது நிமிடத்துக்கு மூன்றரைக் கன மீட்டர். 1 பார் பூஸ்ட், இன்டர்கூலரைத் தாண்டிய காற்று 60 டிகிரி என்றால் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 2.1 கிலோ. மொத்தம் நிமிடத்துக்கு ஏழேகால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. பெட்ரோல் எஞ்சினில் நிமிடத்துக்கு 1 கிலோ காற்றுக்கு ஏறக்குறைய 22 குதிரைத்திறன் என்பது பட்டறைக் கணக்கு. 160-ஐ ஒட்டி வருகிறது.

உன் எஞ்சினால் இந்தப் பூஸ்டில் விழுங்க முடிந்தது அவ்வளவுதான். 300 குதிரைக்கான டர்போவை மாட்டினால் கூடுதலாகக் கிடைப்பது தாமதம் மட்டுமே. பந்தயக்காரர்கள் புகழும் போர்க்வார்னர் இஎஃப்ஆர் 6258 நல்ல பொருள். டர்பைன் சக்கரம் டைட்டானியம் அலுமினைடு, எடை ரொம்பக் குறைவு. ஆனால் அதன் வேலையே 225 குதிரைக்கு மேலேதான் தொடங்குகிறது. நம் ஊர் 1.0, 1.2 எஞ்சின்களுக்கு அது வேண்டாம். கேரட் வரிசையில் ஜிடி1548 அளவு 1.0 முதல் 1.6 லிட்டர் வரைக்கும், ஜிடி2554ஆர் அளவு 1.4-க்கு மேலும் பொருந்தும். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கம்ப்ரசர் மேப்பைக் கேட்டு வாங்கு. ஏழேகால் கிலோ என்ற புள்ளி மேப்பின் வலது ஓரத்துக்குச் சற்று உள்ளே விழ வேண்டும். வளைவிலிருந்து வெளிவரும் 3300 ஆர்பிஎம்மில் உன் எஞ்சின் கேட்கும் காற்று அதில் பாதி. அந்தப் புள்ளி இடது பக்கச் சர்ஜ் கோட்டைத் தொடாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டு புள்ளியும் உள்ளே விழும் மிகச் சிறிய டர்போ எதுவோ அதுதான் உன்னுடையது. மேப் தராத கடையில் வாங்காதே.

6. டர்பைன் ஹவுசிங்கின் அளவைச் சொல்லும் ஏ/ஆர் எண்.

தண்ணீர் டியூபின் வாயை விரலால் பாதி அடைத்தால் பீய்ச்சி அடிக்கும் இல்லையா, சிறிய ஏ/ஆர் ஹவுசிங் புகைக்குச் செய்வது அதுதான். குறைந்த புகையிலும் டர்பைன் எழுந்துகொள்ளும். விலையாக மேல் ஆர்பிஎம்மில் புகை வெளியேற வழியில்லாமல் எஞ்சின் மூச்சு முட்டும். டர்பைனுக்கு முன்னால் அழுத்தம் பூஸ்டைப் போல இரண்டு மடங்கானால் சூடு ஏறும், நாக்கிங் வரும், 5500-க்கு மேல் திறன் சரியும். ஒரே டர்போவுக்கு இரண்டு ஏ/ஆர் ஹவுசிங் கிடைத்தால் சின்ன டிராக்குக்குச் சின்னதையே எடு. மேலே 500 ஆர்பிஎம் போனாலும் கவலைப்படாதே, ஒரு கியரைச் சீக்கிரம் மாற்றிவிடு.

கூடுதல் புகையை டர்பைனைத் தொடாமல் வெளியே விடும் வேஸ்ட்கேட் வழி அகலமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள். சின்ன ஹவுசிங்கில் அது குறுகலாக இருந்தால் நீ 1 பார் வைத்தாலும் பூஸ்ட் தானாக 1.3, 1.4 என்று ஏறிக்கொண்டே போகும்.

7. டர்போ இல்லாத எஞ்சினில் டர்போ ஏற்றாதே.

இன்றைய 1.2 பெட்ரோல் எஞ்சின்களின் கம்ப்ரஷன் 11, 12 என்று போகிறது. பூஸ்ட் கொடுத்தால் பிஸ்டன் தாங்காது. ஃபோர்ஜ்டு பிஸ்டன், கனெக்டிங் ராடு, ஹெட் கேஸ்கட் என்று செலவு டர்போ விலையைத் தாண்டிவிடும். கம்பெனியே டர்போவோடு விற்ற 1.0 பூஸ்டர்ஜெட், போலோ ஜிடி டிஎஸ்ஐ, டி-ஜிடிஐ மாதிரி ஒன்றிலிருந்து தொடங்கு. அவற்றில் கம்பெனி போட்ட டர்போவே வேகமாக எழும் ஜாதி. இன்டர்கூலரையும் டியூனையும் சரி செய்துவிட்டு ஒரு சீசன் அதே டர்போவில் ஓட்டு என்றுதான் பெரும்பாலான பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

8. ஆவடியில் கேட்டுப் பார்.

நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இந்த விஷயம் புதிதில்லை. ஆவடி எஞ்சின் ஃபேக்டரியில் டி-72 டாங்கிக்குச் செய்யும் வி-46 எஞ்சினில் டர்போ கிடையாது. கிராங்கிலிருந்து கியர் வழியாகச் சுற்றும் சூப்பர்சார்ஜர். 38.88 லிட்டர், 780 குதிரை. டி-90-க்கான வி-92எஸ்2 அதே 38.88 லிட்டர்தான். ஆனால் புகையில் சுற்றும் டர்போ, 1000 குதிரை. கியரில் சுற்றும் சார்ஜருக்குத் தாமதமே இல்லை, எஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றும். ஆனால் தன்னைச் சுற்றிக்கொள்ளவே எஞ்சினிடமிருந்து திறனைப் பிடுங்கிக்கொள்ளும். டர்போ வீணாகப் போகும் புகையில் பிழைக்கிறது, அதற்காகக் காத்திருக்க வைக்கிறது. இந்த இரண்டையும் கையால் கோத்தவர்கள் ஓய்வு பெற்று ஆவடி, திருமுல்லைவாயில், பட்டாபிராம் பக்கம் இருக்கிறார்கள். உன் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் போய் உட்கார்ந்து கேள். பேரிங் கிளியரன்ஸ் பற்றி அவர்கள் சொல்வதை எந்த வீடியோவிலும் கேட்க முடியாது.

9. புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடையில் வாங்குகிறாய் என்றால்.

பழைய டர்போ வாங்குவதைத் தப்பென்று சொல்லமாட்டேன், காசு இல்லாதவனுக்கு அதுதான் வழி. ஆனால் கையில் எடுத்துப் பார். ஷாஃப்டைப் பக்கவாட்டில் அசை. சாதா புஷ் பேரிங் என்றால் ஆயில் இல்லாதபோது லேசான ஆட்டம் இருக்கும், அது இயல்பு. முன்னும் பின்னும் தள்ளிப் பார். அந்தத் திசையில் ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது. சக்கரத்தின் விளிம்பு ஹவுசிங்கில் உரசிய கோடு இருந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடு. கம்ப்ரசர் இறக்கையின் நுனி மழுங்கியிருந்தால் அந்த வண்டி ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓடியிருக்கிறது. டர்பைன் ஹவுசிங்குக்குள் டார்ச் அடித்து வேஸ்ட்கேட் வாயைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பார். பெயர்ப் பலகை பிடுங்கப்பட்ட டர்போ எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

கோர் கிட் மாற்றினால் பேலன்சிங் கட்டாயம். லேத்தில் சென்டர் பார்க்கிற நம் ஊர்க் கைகள் எனக்குப் பெருமைதான். ஆனால் லட்சக்கணக்கான சுற்று ஓடும் பொருளை அதற்கென்று இருக்கும் அதிவேகப் பேலன்சிங் மிஷினில்தான் பார்க்க வேண்டும். பேலன்ஸ் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கு.

பால் பேரிங் டர்போ இன்னும் சீக்கிரம் எழும், உண்மைதான். விலை அதிகம், ஆயில் அளவு குறைவாகப் போக ரெஸ்ட்ரிக்டர் வேண்டும், அழுக்கு ஆயிலைப் பொறுத்துக்கொள்ளாது. முதல் டர்போவுக்குச் சரியான அளவில் ஒரு புதிய புஷ் பேரிங் டர்போ, தப்பான அளவில் இருக்கும் பால் பேரிங்கை ஜெயிக்கும்.

10. மேனிஃபோல்டில் நம் ஊர்க்காரன் ஜெயிக்கலாம்.

1964-இல் தொடங்கிய அம்பத்தூர் எஸ்டேட்டில் டிக் வெல்டிங் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அந்தத் திறமையைப் பயன்படுத்து. எக்சாஸ்ட் வால்விலிருந்து டர்பைன் வரை எவ்வளவு குட்டையாக, எவ்வளவு சூடு இழக்காமல் புகை போகிறதோ அவ்வளவு சீக்கிரம் பூஸ்ட் வரும். படத்தில் அழகாகச் சுருண்டிருக்கும் நீளக் குழாய்கள் உச்சத் திறனுக்கானவை. சின்ன டிராக்குக்குக் குட்டையான, கனத்த சுவருள்ள குழாய் போதும், உள்ளே வெல்டிங் பிசிறு துருத்தாமல் இருக்கட்டும். மூன்று சிலிண்டர் எஞ்சினில் புகைத் துடிப்புகள் 240 டிகிரி இடைவெளியில் தாமாகவே விலகி வரும், ஒன்றை ஒன்று கெடுக்காது. அதனால் ட்வின் ஸ்க்ரோல் வேண்டாம். 1-3-4-2 வரிசையில் சுடும் நாலு சிலிண்டர் என்றால் 1-ஐயும் 4-ஐயும் ஒரு வழியில், 2-ஐயும் 3-ஐயும் இன்னொரு வழியில் விடும் ட்வின் ஸ்க்ரோல் நிஜமாகவே வாசலைக் கீழே இறக்கும். டர்போவின் எடையை மேனிஃபோல்டு மட்டும் தாங்கக்கூடாது, பிளாக்கிலிருந்து ஒரு ஸ்டே கொடு. இல்லாவிட்டால் சூட்டில் விரிசல் விடும்.

11. இன்டர்கூலர், பைப்.

பைப் நீளமானால் லேக் வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கொஞ்சம் உண்மை. சக்கரத்தின் பளுவோடு ஒப்பிட்டால் சின்ன விஷயம். அதைவிடக் கெடுப்பது ஹோஸ் கிளாம்பில் கசியும் காற்று. சோப்புத் தண்ணீர் அடித்துச் சோதித்துப் பார்.

சூட்டை மட்டும் அலட்சியம் செய்யாதே. 35 டிகிரி சென்னைக் காற்றை 1 பார் பூஸ்டுக்கு அழுத்தினால், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசரிலிருந்து அது ஏறக்குறைய 130 டிகிரியில் வெளியே வரும். திறன் 60 சதவீதம் என்றால் 147. மூச்சு முட்டும் அளவுக்குச் சின்ன டர்போவில் அந்த இரண்டாவது எண்தான் கிடைக்கும். காற்று நேராக முகத்தில் படும் இடத்தில், பம்பருக்குப் பின்னால் இன்டர்கூலரை வை.

12. ஆயிலில் கஞ்சத்தனம் வேண்டாம்.

டர்போ சாவது பெரும்பாலும் ஆயிலால். உள்ளே போகும் லைனை எல்லாரும் கவனிக்கிறார்கள், வெளியே வரும் லைனை விட்டுவிடுகிறார்கள். ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போகிறது, வெளியே வெறும் புவியீர்ப்பில் விழுகிறது. அந்தக் குழாய் குறைந்தது 12, 13 மில்லிமீட்டர் உள்விட்டம் இருக்க வேண்டும், எங்கேயும் மேலேறாமல் நேராக இறங்க வேண்டும், சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இல்லையென்றால் சீல் வழியாக ஆயில் கசிந்து புகையடிக்கும். அப்போது டர்போ மோசம் என்று புதிதாக இன்னொன்று வாங்குவார்கள், அதுவும் புகையடிக்கும்.

வேகமான வளைவில் சம்ப்பில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். பம்ப் ஒரு கணம் காற்றை உறிஞ்சினாலும் பேரிங் போய்விடும். சம்ப்பில் தடுப்புத் தகடு வைத்துப் பற்றவை. லேப் முடிந்து பிட்டுக்கு வந்ததும் சாவியைத் திருப்பாதே. பெட்ரோல் டர்பைனில் 950 டிகிரிச் சூடு இருந்திருக்கிறது. கடைசி லேப்பை மெதுவாக ஓட்டி, நின்ற பிறகும் ஐடிலில் விட்டுவிட்டு நிறுத்து. உள்ளே ஆயில் கருகிக் கரியானால் அடுத்த ரேஸில் ஷாஃப்ட் இறுகும்.

13. டியூனிங்.

நல்ல டியூனர், குறி வைத்த பூஸ்ட் நெருங்கும் வரை வேஸ்ட்கேட்டை இறுக மூடி வைத்திருப்பார். அதிலேயே சில நூறு ஆர்பிஎம் லாபம் கிடைக்கும், செலவில்லாமல். நாக் சென்சார் வேலை செய்யாமல் பூஸ்டை ஏற்றாதே. 100 ஆக்டேன் பெட்ரோலில் டியூன் செய்த காரில் அவசரத்துக்குச் சாதா பெட்ரோல் போடாதே. ஆன்டி-லேக் பற்றிக் கேட்கவே வேண்டாம். ராலிக்காரர்கள் சம்பளம் வாங்கும் மெக்கானிக் கூட்டத்தோடு செய்யும் வேலை அது.

14. கல்லூரிப் பிள்ளைகளுக்கு.

கரியில் நடக்கும் ஃபார்முலா பாரத்துக்குக் கார் கட்டுகிறவர்கள் பலர் கேடிஎம் 390 எஞ்சின் வைத்திருக்கிறார்கள். விதிப்படி பெட்ரோல் எஞ்சின் 20 மில்லிமீட்டர் துளை வழியாகத்தான் மூச்சு விடலாம். அந்தத் துளை எவ்வளவு உறிஞ்சினாலும் வினாடிக்கு 70 கிராமைச் சுற்றித்தான் காற்று விடும். அதாவது 90 குதிரையை ஒட்டி உச்சவரம்பு. 373 சிசி ஒற்றைச் சிலிண்டரில் அதை எட்டிப் பார்க்க டர்போ உதவும், ஆனால் ஒற்றைச் சிலிண்டரின் துடிப்பு டர்போவைத் திணறடிக்கும். முதல் ஆண்டு டர்போ இல்லாமல் காரை முழுப் போட்டியையும் முடிக்க வையுங்கள். இரண்டாம் ஆண்டு பேசலாம்.

15. மாட்டிய பிறகு அளந்து பார்.

மூன்றாம் கியர், 3000 ஆர்பிஎம், ஒரே மிதி. நூறு சதவீதம் மிதித்த கணத்திலிருந்து பூஸ்ட் 1 பாரைத் தொடும் வரை எத்தனை வினாடி? லாகரில் பார்த்து எழுதி வை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே சோதனையை டிராக்கிலோ டைனோவிலோ செய். முன்சக்கர இழுவைக் காரில் பூஸ்ட் ஒரே அடியாக விழுந்தால் உள்பக்கச் சக்கரம் சும்மா சுற்றும், கார் வெளியே தள்ளும். அப்போது டர்போ மாற்ற வேண்டாம், தாழ்ந்த கியர்களில் பூஸ்டைக் கொஞ்சம் குறைத்து டியூன் செய்யச் சொல்.

16. வாங்குவதற்கான அளவுகோல்.

உன் டிராக்கின் மிக மெதுவான வளைவிலிருந்து எந்த ஆர்பிஎம்மில் வெளியே வருகிறாயோ, அதற்கு 300 ஆர்பிஎம் கீழேயே முழு பூஸ்ட் தர வேண்டும். மிதித்ததிலிருந்து அரை வினாடிக்குள் தர வேண்டும். உன் எஞ்சின் விழுங்கும் காற்றை உச்ச ஆர்பிஎம் வரை மூச்சு முட்டாமல் தர வேண்டும். மூன்றாவதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், முதல் இரண்டில் விட்டுக்கொடுக்காதே. இருங்காட்டுக்கோட்டையிலோ கரியிலோ 3300-இல் வளைவை விட்டு வரும் 1.2 லிட்டர் கார் என்றால் 3000-க்குள் 1 பார் தராத டர்போவை, யார் இலவசமாகக் கொடுத்தாலும் மாட்டாதே.